கோபுரத்திலும் குடியிருப்பிலும் மலைத்தேனீ

அடுக்குமாடிக் குடியிருப்பின் சன்ஷேடில் மலைத்தேனீ கூடு கட்டினால் உடனே ஒரு காரணம் சொல்லப்படுகிறது: காட்டை அழித்தோம், தேனீ ஊருக்குள் வந்துவிட்டது. காடு அழிந்தது உண்மை. ஆனால் மலைத்தேனீ கட்டடத்துக்கு வந்தது வெகு காலத்துக்கு முன்பே. இந்த இனம் பொந்துக்குள் வாழாது. ஒன்றரை மீட்டர் அகலம்வரை வளரும் ஒற்றை அடையை வெட்டவெளியில் தொங்கவிடும். தொழிலாளித் தேனீக்கள் பல அடுக்குத் திரையாக அதன்மேல் அப்பிக்கொண்டு வெயிலையும் மழையையும் தாங்கும். கூடு கட்ட இந்தத் தேனீக்கு வேண்டியதெல்லாம் எட்டாத உயரமும் மேலே துருத்திய ஒரு விளிம்பும்தான். செங்குத்துப் பாறை கொடுத்த இந்த வசதியை அஜந்தாவின் குடைவரை முகப்பும், தாஜ்மஹாலின் உயர்ந்த வளைவும், நம் கோயில் கோபுரங்களும் கொடுத்தன. இன்றைய தண்ணீர்த் தொட்டியும் பத்து மாடிக் கட்டடமும் அந்த வரிசையில் கடைசியாக வந்தவை.

கட்டடத்தில் குடியேறிய தேனீயோடு முன்பு எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குத் திருவாரூர் மாவட்டத்தின் இரண்டு கோயில்களைப் பார்க்கலாம். நன்னிலத்து இறைவன் பெயர் மதுவனேசுவரர்; தேவர்கள் தேனீக்களாகி அங்கே தங்கினர் என்கிறது தலபுராணம். திருக்கண்ணமங்கையில் தாயார் சன்னதியில் உள்ள தேன்கூட்டுக்கு வழிபாடு நடக்கிறது. புராணம் வரலாறாகுமா, அங்கே கட்டுவது வேறு இனமாகக்கூட இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேவர்கள் வந்தார்களா என்பதற்குப் புராணம் சான்றாகாதுதான். ஆனால் கட்டடத்தில் கட்டிய கூட்டைக் கலைக்காமல் விடுவது என்று ஒரு சமூகம் தீர்மானித்திருந்தது என்பதற்கு, அந்தக் கதை இன்றும் அங்கே சொல்லப்படுவதே சான்று.

இந்த வழக்கம் தேய்ந்ததில் தேனீப் பெட்டிக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். 1911 முதல் 1917 வரை திருச்சியில் அருட்தந்தை நியூட்டன் தன் பெயரால் அறியப்பட்ட பெட்டியைக் கொண்டு தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அது பலருக்குப் பிழைப்பைக் கொடுத்த நல்ல காரியம். ஆனால் பெட்டி, இருட்டில் பல அடை கட்டும் பொந்துத் தேனீக்கே பொருந்தும். அதற்குள் அடங்காத மலைத்தேனீ, மலையேறித் தேனெடுப்பவர்களைத் தவிர, கேட்பாரற்ற பிராணியாயிற்று.

கோபுரத்தில் யாரும் குடியிருக்கவில்லையே, பால்கனியில் குழந்தை விளையாடுகிறதே என்பதுதான் வலுவான மறுப்பு. கூட்டமாகக் கொட்டினால் உயிரே போகலாம். பள்ளிக்கூட வாசலில் கட்டிய கூட்டை விட்டுவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆள் ஏறாத தொட்டியின் அடியில் தொங்கும் கூட்டுக்கும் அதே மருந்துத் தெளிப்பும் தீப்பந்தமும்தான் வருகின்றன. மலைத்தேனீ நிரந்தரமாகத் தங்குவதில்லை. பூ குறைந்ததும் கூட்டமாகக் கிளம்பி நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்விடும். தொழிலாளித் தேனீ சில மாதமே உயிர்வாழ்கிறது. ஆனாலும் அதே ராணிகள் பழைய இடத்துக்கே திரும்புவதை அசாமில் நடந்த மரபணு ஆய்வொன்று 2000-இல் காட்டியது. தீ வைத்தால், செத்தவை போக மிஞ்சியவை அதே இடத்தைச் சுற்றிவரும். கொட்டும் அபாயம்தான் கூடும். இரவில் வெளிச்சத்தை நோக்கி வரும் இனம் இது. ஆகவே பக்கத்து விளக்கை அணைத்து, கூட்டுக்குக் கீழே நடமாட்டத்தைத் தடுத்துச் சில மாதம் பொறுக்கலாம். மறுபடி வரக்கூடாது என்பவர்கள், கூட்டம் கிளம்பிப்போய் வெற்று அடை மட்டும் மிஞ்சியிருக்கும் இடைவெளியில் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு விளிம்பில் வலை கட்டிக்கொள்ளலாம்.