சேற்றில் ஒரு சில்லு சுழல, மற்றச் சில்லு ஏன் சும்மா நிற்கிறது?

கடந்த மாரியில் வழுக்கையாற்றுப் பக்கத்து வயலொன்றில் ஓர் உழவு இயந்திரம் புதைந்து நின்றது. இடப்பக்கப் பின்சில்லு சேற்றை வாரி இறைத்தபடி சுழன்றது. வலப்பக்கச் சில்லு வரம்போரத்து இறுகிய மண்ணில் அசையாமல் நின்றது. ஓட்டிய பெடியனுக்கு இருபது வயதுதான் இருக்கும். அவன் வேகத்தைக் கூட்டக் கூட்ட, சுழன்ற சில்லு தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு போனது. நாலைந்து பேர் இறங்கித் தள்ளியும் பயனில்லை.

"தம்பி, வலக்குதிக்காலுக்குக் கிட்ட ஒரு சின்னப் பெடல் இருக்கும், பார்" என்றேன்.

"இருக்குது அண்ணை. அது என்னத்துக்கெண்டு தெரியாது. நான் ஒரு நாளும் மிதிச்சதில்லை."

அது ஒரு மசி பேர்குசன் 135. அந்தப் பெடலின் பெயர் டிப்லொக். அது என்ன செய்கிறது என்று தெரியாத ஒரு தலைமுறை இயந்திரத்தில் ஏறிவிட்டது. அவர்களில் பிழையில்லை. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவர்களில் பலர் இன்று இல்லை, அல்லது கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள்.

முதலில் டிபரென்ஷியல் ஏன் தேவை என்று பார்ப்போம். ஒரு வாகனம் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரு பின்சில்லுகளுக்கும் இடைத்தூரம் 1.3 மீற்றர் என்றால், ஒரு முழுச் சந்தியில் திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிடச் சுமார் 2 மீற்றர் கூட ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கினால் ஏதோ ஒரு ரயர் வீதியில் தேய்ந்துகொண்டுதான் திரும்ப முடியும். மாட்டு வண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் சில்லுகள் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன, இழுப்பது மாடு. எஞ்சின் சில்லைச் சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பிரான்சைச் சேர்ந்த பெக்கர் என்பவர் 1820களின் இறுதியில் தன் நீராவி வண்டிக்கு ஒரு பற்சில்லுத் தொகுதியை அமைத்தார். இன்று மானிப்பாய்ச் சந்தியில் நிற்கும் ஓட்டோவில் இருப்பதும் அதன் வழிவந்ததுதான்.

அதன் குணம் ஒன்றே ஒன்று: இரண்டு பக்கச் சில்லுக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். வேகம் வேறுபடலாம், விசை வேறுபடாது. புதைந்த வாகனத்தின் கதை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. சேற்றில் உள்ள சில்லு வழுக்காமல் தாங்கக்கூடியது 10 பங்கு விசை என்று வையுங்கள். இறுகிய மண்ணில் நிற்கும் சில்லு 200 பங்கைத் தாங்கும். ஆனால் டிபரென்ஷியல் அதற்கும் 10 பங்கைத்தான் கொடுக்கும். மொத்தம் 20 பங்கு. எஞ்சின் எத்தனை குதிரைவலு என்றாலும் கணக்கு அதுதான். பலவீனமான சில்லுதான் முழு வாகனத்தின் பலத்தையும் தீர்மானிக்கிறது.

டிப்லொக் பெடலை மிதித்தால் உள்ளே ஒரு பல் போய் மாட்டி, இரண்டு பக்கமும் ஒரே தண்டுபோல் இணைந்துவிடும். இப்போது நல்ல மண்ணில் நிற்கும் சில்லுக்கு அதனால் தாங்கக்கூடிய விசை முழுவதும் போய்ச் சேரும்.

இதை நான் முதன்முதலில் கண்டது 1995 ஒக்ரோபர் 30க்குப் பிந்திய நாட்களில். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்ததை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. பெரியப்பாவின் உழவு இயந்திரப் பெட்டியில் அம்மம்மாவும் அயல் வீட்டுக் குழந்தைகளும் மூட்டைகளும். டீசல் இல்லை, மண்ணெண்ணெயில் ஒயில் கலந்துதான் ஓடியது. நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் திருப்பியபோது மழையில் ஊறிய ஓரம் உள்வாங்கியது. ஒரு சில்லு சுழன்றது. பெட்டியில் இருந்தவர்கள் பிள்ளையாரைக் கூப்பிட்டார்கள். பெரியப்பா எஞ்சினைக் குறைத்து, கிளச்சை மிதித்து, சில்லு நிற்கும்வரை பொறுத்தார். பிறகு குதிக்காலால் அந்தப் பெடலை அமத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கிளச்சை விட்டார். இயந்திரம் இருமிக்கொண்டு மேலே ஏறியது. "ஆத்திரப்பட்டா தாழும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் செய்த ஒழுங்கு முக்கியம். சில்லு வேகமாகச் சுழலும்போது பெடலை மிதித்தால் உள்ளே பல் உடையலாம். மாட்டிய பிறகு நேரே மட்டும்தான் ஓட்ட வேண்டும். திருப்ப முயன்றால் இயந்திரம் திரும்பாது, அல்லது அச்சு முறியும். சரிவான வரம்பில் கவிழவும் கூடும். வெளியே வந்ததும் காலை எடுக்க வேண்டும்.

பெடல் வேலை செய்யாவிட்டால் இன்னொரு வழி உண்டு. உழவு இயந்திரத்தில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிப் பிறேக். சுழலும் பக்கத்துப் பிறேக்கை மட்டும் மெல்ல மிதித்தால், அந்தச் சில்லு சேற்றில் நிற்பதற்குப் பதில் இறுகிய தரையில் நிற்பதாக டிபரென்ஷியல் நம்பிவிடும். மற்றப் பக்கத்துக்கும் அதே விசை போகும். பின்சில்லால் இழுக்கும் வான்களில் கைப்பிறேக்கைப் பாதி இழுத்தும் இதைச் செய்யலாம். பழைய லாண்ட்றோவரில் இது சரிவராது. அதன் கைப்பிறேக் சில்லில் இல்லை, டிபரென்ஷியலுக்கு முன்னால் ஓடும் தண்டில் இருக்கிறது.

லாண்ட்மாஸ்டர் வேறு சாதி. அதில் டிபரென்ஷியலே இல்லை. ஒவ்வொரு கைபிடியிலும் ஒரு கிளச். இடதை அமத்தினால் இடச்சில்லுக்கு விசை அறுந்து, வலச்சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஆனால் மதகு இறக்கத்தில் பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது இது தலைகீழாக வேலை செய்யும். விசை அறுந்த இடச்சில்லு தாராளமாக உருளும், எஞ்சினோடு இணைந்த வலச்சில்லு பிடித்து இழுக்கும், இயந்திரம் வலப்பக்கம் பாயும். லாண்ட்மாஸ்டர் விபத்துகளில் இப்படி வருவதும் உண்டு. இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், கைபிடியால் தள்ளித் திருப்புவதே பாதுகாப்பு.

இனி நாலு சில்லு இழுவை. ஜீப், பஜெரோ போன்றவற்றில் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. அது எஞ்சின் விசையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரிக்கும். பழைய வகையில் நெம்பை மாற்றினால் இரண்டு அச்சும் இறுகப் பிணைந்துவிடும். சேற்றிலும் மணலிலும் அது நல்லது. காய்ந்த தார்வீதியில் அப்படியே ஓடினால், திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டியிருப்பதால் உள்ளே முறுக்கம் ஏறும், ரயரும் பல்லும் தேயும். எப்போதும் நாலு சில்லும் இழுக்கும் வாகனங்களில் இதற்காக நடுவிலும் ஒரு டிபரென்ஷியல் இருக்கும்.

நாலு சில்லு இழுவை என்று நம்பி இறங்கிய ஜீப்பும் புதையும். முன்னச்சில் ஒன்று, பின்னச்சில் ஒன்று, எதிரெதிர் மூலையில் இரண்டு சில்லு பிடியிழந்தால் போதும். அச்சுக்குள் இருப்பது அதே சாதாரண டிபரென்ஷியல்தானே.

முழுப் பூட்டுக்கும் முழுச் சுதந்திரத்துக்கும் நடுவில் வந்ததுதான் 'லிமிட்டெட் சிலிப்'. ஒரு வகையில் சிறிய கிளச் தட்டுகள் இரு பக்கத்தையும் ஓரளவு பிடித்து வைத்திருக்கும். டோர்சன் என்ற இன்னொரு வகை, பற்சில்லுகளின் உராய்வாலேயே வேலை செய்யும். அது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செய்யப்பட்டிருந்தால், சேற்றுச் சில்லு 10 பங்கைத் தாங்கும்போது மற்றதுக்கு 30 போகும். ஆனால் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினால் மூன்று தரம் பூச்சியம் பூச்சியம்தான். அப்போதும் பிறேக்கை மெல்லத் தொட வேண்டும். கிளச் தட்டு வகைக்குத் தனியான ஒயில் வேண்டும். சாதாரண ஒயிலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது உறுமுகிறது என்று கராச்சுக்குப் போகிறவர்கள் உண்டு. இன்னொன்று, இந்த வகை வாகனத்தில் ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் உயர்த்திக் கியரில் ஓட விடாதீர்கள். தரையில் உள்ள சில்லு வாகனத்தை ஜக்கிலிருந்து தள்ளிவிடும்.

கனடாவில் இருக்கும் மருமகன் பனியில் ஏரிவி ஓடும் படம் அனுப்பி, அதில் உள்ள பொத்தான்களைப் பற்றிக் கேட்டான். அந்த நாலு சில்லு மோட்டார் வண்டிகளில் நாலு சில்லு இழுவையை ஹொண்டா 1986இல் கொண்டுவந்தது. பலவற்றில் பின்னால் டிபரென்ஷியலே கிடையாது, லாண்ட்மாஸ்டர்போல நேர்த்தண்டு. அதனால்தான் திருப்பும்போது உடம்பைச் சாய்க்கச் சொல்வார்கள். முன்னால் மட்டும் டிபரென்ஷியல். யமஹாவில் ஒரு பொத்தான் முன்னச்சை இணைக்கும், அடுத்த நிலை அதைப் பூட்டும். பொலாரிஸில் பின்சில்லு வழுக்கத் தொடங்கியதும் முன்சில்லுகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். பூட்டினால் ஸ்ரியறிங் பாரமாகும், அது பழுதல்ல என்று எழுதினேன்.

வயலில் நின்ற பெடியனின் கதைக்கு வருகிறேன். பெடல் துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பியால் தட்டித் தட்டி அரை மணித்தியாலத்தில் அசைய வைத்தோம். கிளச்சை மிதித்து, சில்லு நின்றதும் அமத்தச் சொன்னேன். முதல் தரம் பல் மாட்டவில்லை. கிளச்சைச் சற்று விட்டு மறுபடி அமத்தியதும் 'டக்' என்றொரு சத்தம். இயந்திரம் வரம்பு ஏறியது. காலை எடுத்த பிறகும் பூட்டு விடவில்லை. ஒரு பக்கப் பிறேக்கை லேசாகத் தொடச் சொன்னேன், விட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். "அண்ணை, அந்தப் பெடல் ஸ்பிறிங் எங்க எடுக்கலாம்?"