எர்னோ

சி மொழியில், நூலகச் செயற்கூறு ஒன்று ஏன் தோற்றது என்பதைக் குறிக்கும் முழு எண். யூனிக்ஸில் பிறந்து, 1989ஆம் ஆண்டின் சி தரநிலையில் இடம்பெற்றது. சி மொழியில் விதிவிலக்குகளைக் கையாளும் ஏற்பாடு கிடையாது. ஆகவே செயற்கூறு -1 அல்லது வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தந்து தோல்வியைச் சொல்லும், காரணத்தை எர்னோவில் விட்டுச் செல்லும். லினக்ஸில் இல்லாத கோப்பைத் திறக்க முயன்றால் மதிப்பு 2. அதை வாசகமாக்கிப் பிழை வெளியீட்டில் அச்சிடுவது பெர்ரர் என்னும் செயற்கூறு.

பலரும் சறுக்குமிடம் ஒன்று உண்டு. எந்த நூலகச் செயற்கூறும் எர்னோவைச் சுழியமாக்காது. வெற்றி பெற்ற அழைப்புகூட அதை மாற்றிவிடலாம். தோல்வி உறுதியானபின், இடையில் அச்சிடும் செயற்கூறான பிரின்ட்எஃப்பைக்கூட அழைக்காமல், உடனே பார்க்க வேண்டும். பழைய யூனிக்ஸில் இதை மறந்தவர்களுக்குக் கோப்புப் பிழைக்குச் சம்பந்தமே இல்லாமல், இடையில் வந்த அழைப்பு விட்டுச் சென்ற ‘தட்டச்சுப்பொறி அல்ல’ என்ற செய்தி வந்து நிற்கும். சரத்தை எண்ணாக்கும் எஸ்டிஆர்டோல் வேறு ரகம்: வரம்பு மீறும்போது அது தரும் உச்ச மதிப்பு சரியான விடையாகவும் இருக்கக்கூடும் என்பதால், அழைக்குமுன் நாமே எர்னோவில் 0 இட வேண்டும்.

தொடக்கத்தில் எர்னோ நிரல் முழுமைக்கும் பொதுவான மாறி. 2011 தரநிலைப்படி ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி எர்னோ உண்டு.