பொதுவாகப் பரவும் இதழ்: உள்ளாட்சி அறிவிப்பும் நாளிதழின் தகுதியும்

நாம் குடியிருக்கும் தாமானில் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மலாய் தடையின்றிப் பேசுவார். ஆனால் அலுவலக மலாயை வாசித்துப் பொருள்கொள்வது அவருக்கு எளிதன்று. தமிழ் நாளிதழ் ஒன்றை நாற்பது ஆண்டுகளாக, தலைப்புச் செய்தி முதல் மரண அறிவித்தல் வரை, வரி விடாமல் வாசித்து வருபவர். அவர் வீட்டின் பின்புறத்துத் திடல் வணிக நிலமாக மாறவிருப்பது, வேலி அடைக்க ஆட்கள் வந்த நாளில்தான் அவருக்குத் தெரிந்தது. விசாரித்துப் பார்த்தோம். வட்டாரத் திட்ட வரைவு பற்றிய அறிவிப்பு இரண்டு நாளிதழ்களில், உரிய தடவைகள், உரிய காலத்தில் வெளியாகியிருந்தது. ஆட்சேபம் தெரிவிக்கும் காலமும் கடந்துவிட்டிருந்தது. நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. “பேப்பர்ல வந்திருந்தா என் கண்ணுல படாம இருந்திருக்குமா, சார்?” என்று அவர் எம்மிடம் கேட்டார்.

அவர் சொன்ன ‘பேப்பர்’ வேறு, சட்டம் சொல்லும் ‘நாளிதழ்’ வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே இவ்வுரையின் பொருள். உள்ளாட்சி மன்றம் ஒன்று சாலையை மூடவோ, வரியைத் திருத்தவோ, நிலத்தின் பயன்பாட்டை மாற்றவோ முற்படும்போது மக்களுக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். அறிவிப்பு வெளியான பின்னர், ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருவர் கூறுவதைச் சட்டம் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே, எந்த இதழில் வெளியானால் ஊருக்குத் தெரிந்ததாகக் கொள்ளலாம் என்ற வினா எழுகிறது. பார்வைக்கு இது அலுவலக வினா. உண்மையில் இது ‘பொது’ என்ற சொல்லின் பொருள் பற்றிய வினா.

இதழ்கள் தோன்றுவதற்கு முன் இவ்வினாவுக்கு இடமில்லை. முரசின் ஓசை எட்டும் எல்லையே அறிவிப்பின் எல்லை. இந்திர விழாவை நகரத்தார்க்கு அறிவிக்கும் விழாவறை காதையோடுதான் மணிமேகலை தொடங்குகிறது. மலாய் மக்களிடையே ஆள்வோர் ஆணையை ஊருக்கு உணர்த்தியது சானாங் என்னும் சிறு சேகண்டி. அறிவித்தலைக் குறிக்கும் ‘மென்சானாங்கான்’ என்ற வினை இன்றும் வழக்கில் உள்ளது. அரசிதழைக் குறிக்கும் ‘வார்த்தா’ என்ற மலாய்ச் சொல்லும் நம் ‘வார்த்தை’யும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து பிரிந்தவை. சிங்கப்பூரில் 1935இல் தோன்றிய தமிழ் இதழுக்கு ‘தமிழ் முரசு’ என்று பெயரிட்டவர்கள் பழைய தொழிலின் பெயரைப் புதிய கருவிக்கு வழங்கினார்கள். பினாங்கில் 1806இல் வெளிவந்த முதல் இதழ் ‘அரசாங்க கெஜட்’ என்ற பெயருடனேயே பிறந்தது என்பதையும் நினைவிற்கொள்ளலாம். நம் மண்ணில் இதழியல் தொடங்கியதே அறிவிப்போடுதான்.

முரசுக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை, விலையும் இல்லை. இதழுக்கு இரண்டும் உண்டு. அதனால்தான் இதழுக்குத் தகுதி விதிகள் தேவைப்பட்டன. இவ்விதிகளை மிக விரிவாக எழுதிப் பார்த்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கு நடந்தவற்றைச் சற்று நின்று நோக்குவது நமக்குப் பயன்தரும்.

கூட்டரசு தோன்றிய 1789ஆம் ஆண்டிலேயே, நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களைக் குறைந்தது மூன்று நாளிதழ்களில் வெளியிடுமாறு வெளியுறவுச் செயலர் பணிக்கப்பட்டார். எந்த மூன்று என்று சட்டம் சொல்லவில்லை. தெரிவு செய்யும் உரிமை அதிகாரியிடம் இருந்ததால் ஆளுங்கட்சியை ஆதரிக்கும் இதழ்களுக்கே அறிவிப்பும் அதற்குரிய கட்டணமும் சென்றன. கட்சி மாறியபோது இதழும் மாறியது. நியூயார்க் மாநிலம் இதற்குக் கண்ட தீர்வு சுவையானது. மாவட்ட மன்றத்தில் உள்ள இரு பெருங்கட்சிகளின் உறுப்பினர்களும் தத்தம் கட்சியைப் பிரதிபலிக்கும் இதழ் ஒன்றைத் தனித்தனியே தெரிவு செய்யவேண்டும் என்று அது விதித்தது. ஊரார் எல்லாரும் ஒரே இதழை வாசிப்பதில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட விதி இது. ஆயினும் வாசகரைக் கட்சியால் பிரித்துப் பார்த்தார்களே அன்றி மொழியால் அன்று.

மொழி பற்றிய கோரிக்கை அங்கு எழாமல் இல்லை. 1794இல் வெர்ஜினியாவின் ஒகஸ்டா மாவட்டத்து ஜெர்மானியர், சட்டங்களை ஜெர்மன் மொழியிலும் அச்சிட்டுத் தருமாறு நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பித்தனர். 1795 ஜனவரியில் இது விவாதத்திற்கு வந்தபோது, அவையை ஒத்திவைத்துப் பின்னர் மீண்டும் ஆராயலாம் என்ற தீர்மானம் 41க்கு 42 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. இச்சிறு நிகழ்ச்சிதான் வாய்வழியே வளர்ந்து, ஜெர்மன் மொழி ஒரே வாக்கில் அமெரிக்காவின் ஆட்சிமொழியாகும் வாய்ப்பை இழந்தது என்ற கட்டுக்கதையாயிற்று. நம் மாணவர் சிலரும் இக்கதையை மெய்யென நம்பி எம்மிடம் கூறியதுண்டு. ஆட்சிமொழியாக்கும் பேச்சே அங்கு எழவில்லை. தங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தாங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் தாருங்கள் என்பதே விண்ணப்பத்தின் சாரம்.

தகுதி விதிகளுக்கு இறுதி வடிவம் தந்ததில் அஞ்சல் துறைக்குப் பெரும்பங்கு உண்டு. நாளிதழ்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் சலுகை 1792 முதலே இருந்தது. சலுகைக்கு உரியவை எவை என்பதை 1879ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. குறித்த கால இடைவெளியில் வரிசை எண்ணிட்டு வெளிவரவேண்டும், வெளியிடும் அலுவலகம் அறியப்பட்டதாக இருக்கவேண்டும், அச்சிட்ட தாளாலாகியிருக்கவேண்டும், மெய்யான சந்தாதாரர் பட்டியல் வேண்டும், முதன்மையாக விளம்பரத்திற்காகவோ இலவசமாக வழங்கவோ நடத்தப்படுவதாக இருத்தல் கூடாது. பல மாநிலங்கள் இவ்வஞ்சல் உரிமத்தையே சட்ட அறிவிப்புக்கான தகுதியாகவும் எடுத்துக்கொண்டன. அறிவிப்புக் கட்டணத்தைப் பெறுவதற்காகவே ஒரே இரவில் முளைக்கும் இதழ்களைத் தடுக்க, ஓராண்டுக் காலமாவது தொடர்ந்து வெளிவந்திருக்கவேண்டும் என்றும் பல மாநிலங்கள் சேர்த்துக்கொண்டன. கள்ள இதழை விலக்க இவை நல்ல விதிகள். ஊரில் யார் வாசிக்கிறார் என்ற வினாவை இவற்றுள் எதுவும் தொடவில்லை.

கலிபோர்னியாவின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு ‘பொதுவாகப் பரவும் நாளிதழ்’ என்ற தகுதி நீதிமன்றத்தால் அளிக்கப்படுவது. இதழ் விண்ணப்பிக்கவேண்டும், நீதிபதி தீர்ப்பளிக்கவேண்டும். அது உள்ளூர்ச் செய்தியையோ தந்திச் செய்தியையோ, பொதுவான தகவல்களையோ பரப்பும் இதழாக இருக்கவேண்டுமாம். தந்தி மறைந்த பின்னும், இருபத்தோராம் நூற்றாண்டிலும், சட்டநூலில் அச்சொல் உட்கார்ந்திருக்கிறது. வழக்கொழிந்த சொற்களைத் தேடுவோர் அகராதிக்கு முன் சட்டநூலைப் புரட்டுதல் நலம் என்பது மொழியியல் பயில்வோர்க்கு நாம் வழக்கமாகச் சொல்வது.

அதற்கடுத்த பிரிவு நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகுப்பார், தொழிலார், இனத்தார் அல்லது சமயத்தார் ஆகியோரின் நலனுக்கென்றோ, அவர்களை மகிழ்விக்கவும் அறிவுறுத்தவும் என்றோ வெளிப்படையாக நடத்தப்படும் இதழ் பொதுவாகப் பரவும் இதழ் ஆகாது என்கிறது அப்பிரிவு. இதன் நோக்கம் புரிகிறது. மருத்துவர் சங்க இதழில் சாலை மூடல் அறிவிப்பை வெளியிட்டால் யார் பார்ப்பார்? ஆனால், தொழிலோடு இனத்தையும் ஒரே வரிசையில் வைக்கும்போது சிக்கல் தோன்றுகிறது. ‘பொது’ என்பதைத் தமிழ் எவ்வாறு கண்டது என்று நோக்குவோம். சங்க நூல்களில் ஊர் கூடும் மன்றத்திற்குப் பொதியில் என்று பெயர்; பொதுவான இல் என்பது பொருள். அங்கு யாவரும் வரலாம் என்பதே பொதுமை. கலிபோர்னியச் சட்டமோ ‘குறிப்பிட்ட ஒரு கூட்டத்தாருக்கு உரியதன்று’ என்ற எதிர்மறையால் பொதுமையை வரையறுக்கிறது. எந்த மொழியில் அச்சிட்டாலும் அம்மொழியை வாசிப்போர் என்ற ஒரு கூட்டத்தாருக்கே இதழ் சென்றுசேரும். ஆங்கில இதழும் ஆங்கிலம் வாசிப்போரின் இதழ்தான். பெரும்பான்மையோர் மொழியில் வெளிவருவதால் அந்த எல்லை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிறுபான்மையோர் இதழில் மட்டும் அது எல்லையாகத் தெரிகிறது. பொதுமைக்கும் பெரும்பான்மைக்கும் உள்ள வேறுபாடு இவ்வரையறைக்குள் கரைந்துபோகிறது என்பது நம் கருத்து.

நாளிதழ் அறிவிப்பின் வலிமையின்மையை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே உணர்ந்தது. 1950இல் நியூயார்க் அறக்கட்டளை நிதி ஒன்றைப் பற்றிய வழக்கில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன், இதழின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்பு உள்ளூர்வாசியின் கண்ணிலும் தற்செயலாகத்தான் படும் என்ற கருத்தைப் பதிவு செய்தார். 1956இல் கன்சாஸ் மாநிலத்து ஹட்சின்சன் நகர வழக்கு வந்தது. சாலைக்காக நிலம் எடுத்த நகராட்சி, இழப்பீடு பற்றிய விசாரணையை நகரின் அதிகாரபூர்வ இதழில் ஒரே ஒரு முறை அறிவித்திருந்தது. நில உரிமையாளரின் பெயர் நகராட்சியின் பதிவேட்டிலேயே இருந்தது. ஒரு மடல் அனுப்பியிருக்கலாமே என்றுதான் நீதிமன்றம் கருதியது. இதழ் அறிவிப்பு மட்டும் போதாது என்று தீர்ப்பளித்தது. இதழுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அறிவிப்புக்குத்தான் தகுதி இல்லாமற்போயிற்று.

மடல் வந்தால் மட்டும் போதுமா? 1973இல் கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி மட்டும் அறிந்தவர்களுக்கு, அவர்களின் உதவித்தொகையைக் குறைக்கும் அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தது. அம்மாநில உச்ச நீதிமன்றம் ஆங்கில அறிவிப்பே போதும் என்றது. பெற்றவர் பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து. இரண்டே ஆண்டுகளில், வாக்குரிமைச் சட்டத்தில் நாடாளுமன்றம் வேறு வழியில் நடந்தது. குறிப்பிட்ட மொழிச் சிறுபான்மையினர் ஒரு வட்டாரத்தில் வரையறுத்த அளவுக்கு மேல் இருந்தால், தேர்தல் அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் தரவேண்டும் என்று 1975இல் விதித்தது. மொழியை எண்ணிக்கையால் அளந்து கடமையாக்கலாம் என்பதற்கு இது சான்று. தேர்தலுக்கு வெளியே நிலம், வரி, சாலை பற்றிய அறிவிப்புகளுக்கு இவ்விதி பொருந்தாது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படுவதைக் குறைந்தது இரண்டு உள்ளூர் நாளிதழ்களின் மூன்று வெளியீடுகளில் அறிவிக்கச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று தேசிய மொழி இதழாக இருத்தல் வேண்டும். இதழின் மொழியை இது நேரே தொடுகிறது. தேசிய மொழியைக் கட்டாயமாக்கியதும் முறையே. மற்றொரு இதழ் எந்த மொழியினது என்பதைச் சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. நடைமுறையில் அந்த இடம் யாருக்குச் செல்லும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆயினும் தமிழ் நாளிதழுக்கு அங்கே தடை ஏதும் இல்லை என்பதைக் கருதவேண்டும். தடையில்லாத இடத்தில் கேட்காமலிருந்தது நம் குறை.

சிங்கப்பூர் வேறொரு வழியைக் காட்டியது. உள்ளாட்சிச் சட்டத்தில் அன்று, நிறுவனச் சட்டத்தில். கலைக்கப்படும் நிறுவனத்தின் இறுதிக் கூட்டத்தை, ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என மொழிக்கு ஒன்றாகக் குறைந்தது நான்கு உள்ளூர் நாளிதழ்களில் அறிவிக்கவேண்டும் என்ற விதி அதில் நெடுங்காலம் இருந்தது. இங்கே சந்தாக் கணக்கோ பரவல் அளவோ கேட்கப்படவில்லை. நான்கு மொழியாரும் சேர்ந்ததே பொது என்று அவ்விதி கொண்டது. பொதியில் என்ற சொல்லுக்கு மிக அணுக்கமான சட்டமொழியை நாம் கண்டது இங்கேதான்.

இதழே இல்லாமற்போனால் என்செய்வது என்பது இப்போதைய கவலை. புளோரிடா மாநிலம் 2023 முதல் உள்ளாட்சி அறிவிப்புகளை மாவட்ட இணையத்தளத்தில் வெளியிட இசைவு தந்துள்ளது. நியூ ஜெர்சியின் பெரிய நாளிதழ் ஒன்று 2025 பிப்ரவரியில் அச்சை நிறுத்தியபோது, அச்சையே தகுதியாகக் கொண்டிருந்த சட்டத்தை அம்மாநிலம் திருத்தவேண்டியதாயிற்று. நம் நாட்டில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றது. இணையத்தளத்தில் இடத்திற்குப் பஞ்சமில்லை. பல மொழிகளில் வெளியிடுவதற்கு அச்சுக்கூலியும் இல்லை. செலவு என்ற பழைய காரணம் விலகும் இவ்வேளையில், வட்டாரத்தின் மக்கள் கணக்கைக் கொண்டு அறிவிப்பின் மொழிகளை முடிவு செய்யும் ஒரு பிரிவைச் சட்டம் 172இல் சேர்க்குமாறு கேட்கலாம். நம் தமிழ் அமைப்புகள் இதுவரை எழுதிய விண்ணப்பங்களோடு ஒப்பிட்டால் இது சிறியது.

அந்த அம்மையார் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக்கு வருகிறார். வாரம் முழுதும் சேர்த்துவைத்த தேசிய மொழி நாளிதழின் பின்பக்கங்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, வாசித்துச் சொல்லச் சொல்கிறார். சென்ற வாரம் வடிகால் வேலைக்காகச் சாலை ஒன்றை மூடும் அறிவிப்பு இருந்தது. எழுத்து மிகவும் பொடி. நாமும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உருப்பெருக்கியை எடுக்கவேண்டியிருந்தது.