உர்ஃப்: இஸ்லாமியச் சட்டத்தில் ஊர் வழக்கம்

குர்ஆனோ நபிவழியோ நேராக விதிக்காத இடத்தில் ஊர் வழக்கம் தீர்ப்புக்குத் துணையாகும். விதித்த இடத்தில் வழக்கம் அவ்விதியை மாற்ற இயலாது. மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் பேசப்படாமல் நிக்காஹ் எனும் திருமணம் முடிந்தால், மணப்பெண்ணின் தந்தை வழிப் பெண்கள் பெற்ற தொகையே அளவுகோல். ஆனால் மகளுக்குரிய வாரிசுப் பங்கை எந்த வழக்கமும் பறிக்கக் கூடாது. இந்தியாவின் பல இடங்களில் வழக்கம் அதை நெடுங்காலம் பறித்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வாரிசுரிமை, மஹர் முதலியவற்றில் முரணான வழக்கங்களை நீக்கியும் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. சென்னை மாகாணம் 1949இல் அவ்விலக்கையும் அகற்றியதால், நஞ்சையிலும் மகளின் பங்கு உறுதியானது. பெண்களுக்கு இது பெரிய நீதி.

1937ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வழக்கத்தின் கதை முடிந்தது என்பார் உண்டு. அது சரியன்று; சட்டம் விலக்கியது ஷரீஅத்துக்கு முரணான வழக்கத்தையே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பது மரபு. மகன்களின் பங்கு குறைகிறதே என்ற ஆட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிள்ளைகளிடையே சமமாகக் கொடுக்க நபிமொழி வலியுறுத்துகிறது. எனினும் வாழும்போதே கொடுத்து ஒப்படைத்தது ஹிபா எனும் அன்பளிப்பு. வாரிசுப் பங்கீடு இறப்புக்குப் பின்னரே தொடங்கும். மணமகனுக்குத் தரும் கைக்கூலி வேறு வகை: ஷரீஅத் அதைக் கேட்கவில்லை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டம், அத்தொகையை மனைவி திரும்பப் பெற வழிசெய்கிறது.