உலர்தாவரத் தொகுப்பகமும் அதன் மின்னுருவாக்கமும்

உலர்தாவரத் தொகுப்பகம், அதாவது ஹெர்பேரியம் என்பது, செடிகொடிகளைப் பூவும் காயும் நின்ற பருவத்தில் பறித்து, செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் பொருத்தி, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் எடுத்தது என்னும் குறிப்புச் சீட்டுடன் குடும்ப வரிசையாக அடுக்கிக் காக்கும் நிலையமாகும். உலகெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட இத்தகைய நிலையங்களில் ஏறத்தாழ 40 கோடி மாதிரிகள் உள்ளன. ஒரு தாவரம் குறித்த காலத்தில் குறித்த பிரதேசத்தில் இருந்தது என்பதற்கு அத்தாளே நேர்ப் பிரமாணம். புதிய இனமொன்றுக்கு எந்த மாதிரியை ஆதாரமாகக் கொண்டு பெயரிட்டார்களோ அது வகைமாதிரி எனப்பட்டு, அப்பெயரில் ஐயம் எழும்போதெல்லாம் இறுதிச் சாட்சியாக நிற்கிறது.

வரலாறு

செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிக் கற்பிக்கும் வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான லூக்கா கீனி தொடங்கினார் என்பர். முதலில் புத்தகமாகக் கட்டப்பட்டிருந்த தாள்களை, 18ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் தனித்தனியே அலமாரியில் வைத்தமையால், அறிவு வளர வளர வரிசையை மாற்றியமைப்பது எளிதாயிற்று. தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரியும் பிற்காலத்தில் தமிழ் அகராதி தொகுத்தவருமான ராட்லரும், அவருடைய தோழர் கிளைனும், சோழமண்டலக் கரையின் செடிகளை உலர்த்திப் பெர்லினிலிருந்த தாவரவியலாளர் வில்டெனோவுக்கு அனுப்பினர். இன்று கோயம்புத்தூரிலுள்ள மதராஸ் ஹெர்பேரியமும், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியிலுள்ள ராபினாட் ஹெர்பேரியமும் தமிழகத் தாவர ஆராய்ச்சிக்கு முக்கிய ஆதாரங்களாகும்.

ஆராய்ச்சிப் பயன்

சேகரித்தவர் நினைத்தும் பாராத வினாக்களுக்கு விடை தருவதே இத்தொகுப்புகளின் தனிச்சிறப்பு. 1840-களில் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய உருளைக்கிழங்கு நோயின் கிருமி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை, 19ஆம் நூற்றாண்டில் உலர்த்தி வைக்கப்பட்ட நோயுற்ற இலைகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து 2013இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அவ்விலைகளைப் பறித்தவர்கள் காலத்தில் மரபணு என்ற சொல்லே தோன்றியிருக்கவில்லை. அவ்வாறே, இங்கிலாந்தில் 200 ஆண்டுக் கால உலர் இலைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சியொன்று, காற்றில் கரியமிலவாயு மிகுந்ததற்கேற்ப இலைத் துளைகளின் அடர்த்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பதை 1987இல் வெளிப்படுத்தியது.

காப்பு முறை

ஈரமும் பூஞ்சையும், உலர்ந்த இலையைத் துளைத்துத் தின்னும் சிகரெட் வண்டும் இத்தொகுப்புகளின் தீராப் பகைகள். முற்காலத்தில் மெர்க்குரிக் குளோரைடு என்னும் பாதரச விஷத்தைத் தடவிவந்தனர். அவ்விஷம் பழைய தாள்களில் இன்னும் தங்கியிருப்பதால் அவற்றைக் கையுறையின்றித் தொடலாகாது. இக்காலத்தில் கட்டுகளைப் பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, உறைகுளிரில் பல நாள் வைத்துப் பூச்சிகளை ஒழிக்கின்றனர்.

மின்னுருவாக்கம்

தாளை நிறப்பட்டை, அளவுகோல், பட்டைக்குறியீடு ஆகியவற்றுடன் மிக நுண்ணிய டிஜிட்டல் படமாக எடுத்து, சீட்டிலுள்ள செய்திகளைத் தரவாகப் பதிந்து, இடப்பெயருக்கு அட்சரேகை தீர்க்கரேகை கண்டு இணைப்பது மின்னுருவாக்கமாகும். படமெடுப்பதைக் காட்டிலும் சீட்டைப் படிப்பதே கடினம்: மங்கிய மையில் ‘புல்னி’ என்றிருப்பது பழனி மலை என்றும், ‘டிரான்கோபார்’ என்றிருப்பது தரங்கம்பாடி என்றும் அறிவதற்கு அவ்வட்டாரத்தை அறிந்தவரின் கண் வேண்டும். இவ்வாறு சேரும் தரவுகளை, கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பல்லுயிர்த் தகவல் வசதி என்னும் அமைப்பு யாவர்க்கும் இலவசமாக வழங்குகிறது. களவுக்கு இலக்காகும் அபூர்வ ஆர்க்கிட் முதலியவற்றின் துல்லியமான இருப்பிடத்தை மட்டும் மறைத்து வெளியிடுவது வழக்கம்.

படத்தின் மதிப்பைப் பெர்லின் தொகுப்பகத்தின் கதி உணர்த்தும். அமெரிக்காவின் சிகாகோ நகர் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மக்பிரைடு, 1929 முதல் ஐரோப்பியத் தொகுப்பகங்கள் பலவற்றுக்குச் சென்று, தென் அமெரிக்கத் தாவரங்களின் வகைமாதிரிகளைப் புகைப்படமெடுத்து வந்தார். 1943 மார்ச் மாதத்தில் குண்டுவீச்சால் மூண்ட தீயில் பெர்லின் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அங்கே நாசமான வகைமாதிரிகள் பலவற்றுக்கு இன்று எஞ்சியுள்ள உருவச் சாட்சியம் அவர் எடுத்த படங்களே. வேறாகக் காக்கப்பட்ட வில்டெனோவின் தாள்களோ தப்பின. அவற்றோடு தரங்கம்பாடிச் செடிகளும் பிழைத்தன.

ஆயினும் மக்பிரைடின் படத்திலிருந்து ஒரு துளி டி.என்.ஏ.வையும் எடுக்க இயலாது. இலைத்துளையை எண்ணவும் இயலாது. படம் தொலைவிலுள்ளவர்க்குத் தாளைக் கொண்டு காட்டும். தாள் அழிந்தால் அதன் வடிவை நினைவிற் காக்கும். நாளை எழப்போகும் வினாவுக்கு விடை சொல்லவோ தாளே வேண்டும். ஆகையால், படமெடுத்து முடிந்ததென்று அலமாரியைக் கைவிடும் நிலையம், தான் காக்க வந்த பொருளையே இழக்கும்.