மலையேற்றத்தில் மிதிவண்டிப் பல்லிணைத் தேர்வு

மலையேற்றத்தில் மிதிவண்டிப் பல்லிணைத் தேர்வு என்பது, மலை மிதிவண்டியில் மேட்டுப்பாதை ஏறும்போது சரிவுக்கும் ஓட்டுபவரின் வலிமைக்கும் ஏற்ற பற்சக்கர இணையைத் தெரிந்தெடுத்தல் ஆகும். பல்லிணை பேச்சு வழக்கில் கியர் எனப்படுகின்றது. பல்லிணை, மேலேறத் தேவையான வேலையைக் குறைப்பதில்லை. அவ்வேலையைக் கால்கள் தாங்கக்கூடிய சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருகின்றது.

செயற்படும் முறை

மிதிகளுடன் இணைந்த முன்பற்சக்கரமும் பின்சக்கரத்துடன் இணைந்த பின்பற்சக்கரமும் சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன. முன்பற்களின் எண்ணிக்கையைப் பின்பற்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கிடைப்பது பல்லிணை விகிதம் ஆகும். மிதிகள் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பதை இது காட்டுகின்றது. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால்:

* முன் 44, பின் 11: விகிதம் 4.0; ஒரு சுற்றுக்கு 8.3 மீட்டர், வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.
* முன் 32, பின் 20: விகிதம் 1.6, ஒரு சுற்றுக்கு 3.3 மீட்டர், வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கி.மீ.
* முன் 22, பின் 34: விகிதம் 0.65, ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர், வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ.

ஒரே சரிவில் ஏற, மூன்றாம் இணையை விட முதல் இணையில் ஏறத்தாழ ஆறு மடங்கு விசையுடன் மிதிக்க வேண்டும்.

வரலாறு

மலை மிதிவண்டி 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரீன் பகுதியில் உருவானது. தொடக்கத்தில் பழைய கனமான மிதிவண்டிகளை மேலே தள்ளிக்கொண்டோ சரக்குந்தில் ஏற்றியோ சென்று, கீழ்நோக்கி மட்டுமே ஓட்டினர். பல பற்சக்கரங்களும் சங்கிலி மாற்றியும் பொருத்தப்பட்ட பின்னரே மிதித்து ஏறுவது எளிதானது. 2010களிலிருந்து, ஒரே முன்பற்சக்கரமும் 50 பற்கள் அளவுக்குப் பெரிய பின்பற்சக்கரமும் கொண்ட அமைப்பு பரவலாகியுள்ளது. முன் 32, பின் 51 எனில் விகிதம் 0.63 ஆகும், இது பழைய 22-34 இணைக்கு மிக அண்மையானது.

தேர்வு முறை

* ஏற்றம் தொடங்குமுன்பே இலகுவான பல்லிணைக்கு மாற்றுதல் வேண்டும். முழு விசையுடன் மிதிக்கும்போது மாற்றினால் சங்கிலி நழுவலாம், அறுந்தும் போகலாம்.
* ஏற்றத்தின் நடுவே மாற்ற நேர்ந்தால், ஓரிரு அழுத்தமான மிதிகளால் வேகம் சேர்த்து, பின்னர் விசையைத் தளர்த்திய நொடியில் மாற்றலாம்.
* நிமிடத்திற்கு 60 முதல் 80 சுற்றுகள் வரை சீராக மிதிக்க முடிகின்ற பல்லிணையே பொதுவாகப் பொருத்தமானது. இதனினும் கடினமான பல்லிணை முழங்கால் மூட்டுகளுக்கு மிகுந்த சுமை தரும்.
* மண்பாதையில் மிக இலகுவான பல்லிணையும் இடர் தரும். திடீர் விசையால் பின்சக்கரம் வழுக்கலாம், முன்சக்கரம் மேலெழலாம். இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து, உடலைத் தாழ்த்தி, சீராக மிதித்தல் இதனைத் தடுக்கும்.
* பெரிய முன்பற்சக்கரத்துடன் பெரிய பின்பற்சக்கரத்தை இணைத்தல் கூடாது. சங்கிலி குறுக்காக இழுபட்டு விரைவில் தேயும்.

தமிழ்நாட்டில்

சென்னை பெரும்பாலும் சமதளமான நகரம். நந்தனத்திலிருந்து அண்ணா சாலை வழியே சைதாப்பேட்டை, கிண்டி ஆகியவற்றைக் கடந்து செல்பவருக்கு மேம்பாலங்களைத் தவிர ஏற்றம் இல்லை. ஆகவே நகரில் பழகியவர்கள் ஒரே பல்லிணையில் ஓட்டுவதே வழக்கம். அச்சாலை சென்றடையும் பரங்கிமலை, ஏறத்தாழ 300 அடி உயரமே கொண்டதாயினும், அடிவாரத்திலேயே பல்லிணையை மாற்றும் பழக்கத்தைக் கற்க ஏற்ற இடமாகும்.

நீண்ட மலைப்பாதைகளில் இப்பழக்கம் இன்றியமையாதது. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், மசினகுடியிலிருந்து உதகமண்டலம் செல்லும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகளும், கொல்லிமலைப் பாதையில் 70 வளைவுகளும் உள்ளன. 2008இல் தொடங்கிய நீலகிரி மிதிவண்டிச் சுற்றுப்பயணத்தில் கல்லட்டி ஏற்றம் பெயர்பெற்றது. இந்தியாவில் சாலையின் இடப்புறம் செல்வதால், இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் ஏறுபவர் செங்குத்தான உட்பகுதியைக் கடக்க நேரும். எனவே வளைவுக்குச் சற்று முன்பே பல்லிணையை மாற்றுதல் நலம். தொடக்கத்திலேயே மிக இலகுவான பல்லிணை வரை சென்றுவிடாமல், ஒன்றிரண்டைக் கடைசி வளைவுகளுக்கென வைத்திருப்பவர் இறங்கித் தள்ளாமல் உச்சியை அடையும் வாய்ப்பு மிகுதி.