செவ்ரோலே ஃபாரஸ்டர்

செவ்ரோலே ஃபாரஸ்டர் என்பது ஜப்பானின் சுபாரு ஃபாரஸ்டர் காருக்கு இந்தியாவில் இடப்பட்ட பெயர். 2000களின் முதல் பாதியில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா நிறுவனம் இதை ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்குமதி செய்து, தன் செவ்ரோலே சின்னத்தைப் பொருத்தி விற்றது. ஐந்து பேர் உட்காரும் இந்தப் பெட்ரோல் குடும்பக் காரில் எஞ்சினின் இழுவை எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் போகும். டீசலே பேச்சாக இருந்த அந்த ஆண்டுகளில் வாங்கியவர்கள் சிலர்தான். பழைய கார்களைச் சீராக்கி ஓட்டுவோர் இன்று தேடி அலையும் வண்டிகளில் இதுவும் ஒன்று.

கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் சுபாரு. நிறுவனத்தின் சின்னத்திலும் ஆறு விண்மீன்கள் உண்டு. முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களும் அறுவர் என்பதால் தமிழருக்கு இந்தக் கணக்கு எளிதில் நினைவில் நிற்கும். இந்தியாவுக்கு வந்த வண்டியின் முகப்பில் அந்த ஆறு மீன் இருந்த இடத்தில் செவ்ரோலே சின்னம் வந்து உட்கார்ந்தது. சுபாருவைத் தயாரித்த ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது 20 சதவீதப் பங்கு வைத்திருந்ததே காரணம். செவ்ரோலே என்ற பெயர் இந்தியாவில் 2003இல் அறிமுகமானது. 2005 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பங்குகளை விற்றது. அவற்றில் ஒரு பகுதியை டொயோட்டா வாங்கியது. இங்கே ஃபாரஸ்டரின் வேரும் அதோடு அறுந்தது. 2017 இறுதியில் செவ்ரோலே விற்பனையே இந்தியாவில் நின்றபின் இது இருமுறை அநாதையான வண்டி.

ஆனால் இதைச் செவ்ரோலே என்று பார்க்கும்வரைதான் அநாதை. சுபாரு என்று பார்த்தால் உலகெங்கும் சொந்தம் உண்டு. சீராக்கும் வேலையில் இறங்குவோர் முதலில் தெளிய வேண்டியது இதுதான். உதிரிபாகத்தைச் சுபாருவின் பாக எண்ணை வைத்தே தேட வேண்டும். அதே காலத்துச் சுபாரு இம்ப்ரெஸா காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் பாகங்களில் பல இதற்கும் பொருந்தும்.

சுபாருவின் நான்கு சக்கர இழுவைக்குப் பனியே தூண்டுதல். ஜப்பானின் வடகிழக்கில் உள்ள தோஹோகு மின் நிறுவனத்துக்குப் பனி மூடிய மலைப்பாதைகளில் ஊழியர்கள் போய்வர வண்டி தேவைப்பட்டது. ஜீப் ஏறும், ஆனால் குளிரும் குலுக்கலும் தாங்காது. அந்தத் தேவையிலிருந்து 1972இல் சுபாருவின் நான்கு சக்கர இழுவைக் கார் லியோனி எஸ்டேட் பிறந்தது. ஃபாரஸ்டர் அதன் வழிவந்தது: முதல் தலைமுறை 1997இலும் இரண்டாம் தலைமுறை 2002இலும் வந்தன.

எஞ்சின் 1994 சி.சி. கொண்டது. நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நிற்காமல், பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். பிஸ்டன்கள் குத்துச்சண்டை வீரரின் கைகள்போல வெளியே போய் உள்ளே வருவதால் ‘பாக்ஸர்’ என்று பெயர். எடை தாழ்ந்து கிடப்பதால் உயரமான கார் என்றாலும் வளைவில் அதிகம் சாயாது. மேனுவல் கியர்பாக்ஸ் வண்டியில் நடு டிஃபரன்ஷியல் இழுவையை முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் சறுக்கினால் அதோடு இணைந்த விஸ்கஸ் கப்ளிங்குக்குள் உள்ள சிலிகோன் திரவம் சூடேறி இறுகி, பிடிமானம் உள்ள பக்கத்துக்கு விசையைத் தள்ளும். மாருதி ஜிப்ஸியில் ஓட்டுநர் லிவரைப் போட்டால்தான் நான்கு சக்கரமும் இழுக்கும். அதே காலத்து ஹோண்டா சி.ஆர்.வி.யில் முன்சக்கரம் சறுக்கிய பிறகே பின்சக்கரம் துணைக்கு வரும். ஃபாரஸ்டருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. மழை பெய்த நாளில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இதன் அருமை தெரியும்.

பழைய ஃபாரஸ்டர் வாங்கியவர் முதலில் கைவைக்க வேண்டியது டைமிங் பெல்ட். அது ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். முந்தைய உரிமையாளர் மாற்றிவிட்டதாகச் சொன்னாலும், ரசீது இல்லையென்றால் மாற்றியே ஆக வேண்டும். கூடவே வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் எல்லாவற்றையும் ஒரே கையோடு முடிப்பது நல்லது. ஹெட் கேஸ்கெட் கசிவுக்குப் பெயர்போனது சுபாருவின் 2.5 லிட்டர் எஞ்சின்தான், 2.0 லிட்டர் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் நம் ஊர் வெயிலில் கூலன்ட் குறைந்து ஒருமுறை கொதித்த வண்டியை நம்பக்கூடாது. ஸ்பார்க் பிளக் மாற்றுவது எரிச்சலூட்டும் வேலை: பிளக்குகள் பக்கவாட்டில் சேஸிஸை ஒட்டி இருப்பதால் கை நுழையாது.

டயரை இரண்டிரண்டாக மாற்றுவது நம்மிடம் பரவலான பழக்கம். இந்த வண்டியில் அது கூடாது. நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். சுற்றளவு வேறுபட்டால் நேர்சாலையில்கூட விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் வேலை செய்து வெந்துபோகும்.

சீராக்கும் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஏற்ற ஊர்களில் ஒன்று திருச்சி. அங்கே இந்த வேலையை எடுப்பவருக்குக் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையும் பெல் நிறுவனமும் வளர்த்த ஊர் இது. துவாக்குடிப் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு உலோகவேலை புதிதல்ல. ஹெட்டை ஃபேஸிங் செய்யவும் பிராக்கெட் அடிக்கவும் வெளியூர் போகத் தேவையில்லை. உதிரிபாகம்தான் கடல் தாண்டி வரவேண்டும். அதற்கும் திருச்சியிலேயே விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு. இரண்டு நாடுகளிலும் சுபாரு நெடுங்காலமாக விற்கிறது. ஜப்பானிய வண்டிகளை முன்பாதியாக வெட்டி இறக்குமதி செய்து எஞ்சினோடு விற்கும் ‘ஹாஃப் கட்’ வணிகம் மலேசியாவில் பெரியது. ஒரு சென்சரோ பெல்ட்டோ ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியிலேயே வந்துசேரலாம்.

டர்போ எஞ்சினை மாற்றிப் பொருத்தும் ஆசை பலருக்கு வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, முன் அனுமதியின்றி வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழின் 15 ஆண்டுகள் எல்லா ஃபாரஸ்டருக்கும் முடிந்துவிட்டன; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இறக்குமதியான நான்கு சக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ. 40,000, 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 80,000 ஆனது. ஆர்.சி.யில் வண்டி எந்த வகையாகப் பதிவாகியிருக்கிறது என்பதை விலை பேசும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வாங்கும் முன் செய்யும் சோதனை எளியது. அரை மணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடேறியபின், காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து முதல் கியரில் மெதுவாக வட்டமடிக்க வேண்டும். வண்டி தடையில்லாமல் உருண்டால் கப்ளிங் நலம். யாரோ பிரேக்கை மிதித்ததுபோல இழுத்து இழுத்து நகர்ந்தால், கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.